தம்பிக்குத் தெரியும்: இல்லை

மனித குலத்தின் எல்லாத் துன்பங்களுக்கும் மூல காரணம் 'பிரைவேட்' என்ற ஒற்றைச் சொல். போர், விவாகரத்து, வாய்க்கால் தகராறு, பங்காளிச் சண்டை அனைத்தும் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைச் சொல்வதால் வந்தவை. மனிதர்கள் தங்கள் உள்ளறைகளைத் திறந்து போட்டுவிட்டால் நீதிமன்றம் தேவையில்லை, காவல் நிலையம் தேவையில்லை, கவிதைகூடத் தேவையில்லை. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இது எங்கள் கல்லூரிச் சுவரேட்டின் தலையங்கம். சுவரேட்டின் பெயர் 'பப்ளிக்'. ஆசிரியர் திருமூர்த்தி, கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதி ஆண்டு, அதாவது நான். வாசகர்கள், வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகிற வழியில் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

சுவரேடு போக மிச்ச நேரத்தில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பீளமேட்டில் ஒரு பேக்கரியின் மாடி. கீழே தேங்காய் பன் வேகும், மேலே இறந்தவர்கள் பேசுவார்கள். உயிரோடு இருக்கும்போதே சில வாரம் நெற்றியிலும் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் போதும். பேச்சு, நாடி, எதைக் கேட்டு முகம் சுளித்தார், எதைச் சொல்ல வந்து விழுங்கினார் எல்லாம் சேர்ந்து ஒரு பிரதி உருவாகிவிடும். ஆள் போன பிறகும் பிரதி ஓடிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர்கள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக்கில் பேசலாம். முகம் வராது. குரல் வரும்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் செல்வநாயகி மேடம். அவர் பிரதிகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். என்னைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலைதான். இரண்டாவதைத்தான் கஷ்டம் என்பார்.

சின்னியம்பாளையத்திலிருந்து நாச்சிமுத்து என்று ஒரு பெரியவர் வருவார். மனைவி துளசியம்மாளின் பிரதியோடு பேசிவிட்டுப் போவார். ஒருநாள் பேசி முடித்துவிட்டு மேடத்தின் மேசைக்கு வந்தார்.

"ஏனுங் மேடம், உள்ள என்ன இருக்குதுன்னு பார்த்துச் சொல்லுவீங்களாமா?"

"பார்க்கலாமுங்க ஐயா. உங்க வீட்டம்மாவோட பிரதிய ஒரு வீடுன்னு வெச்சுக்கோங்க. வாசல்ல நின்னு கேட்டீங்கன்னா உள்ள இருந்து பதில் வரும். இத்தனை நாளா நீங்க பேசறது அப்படித்தான். ஆனா உள்ளுக்குள்ள அலமாரிங்க இருக்குது. ஃபீல்டுன்னு சொல்லுவோம். ஒவ்வொண்ணுலயும் ஒரு விசயம். பாதி பூட்டி வெச்சது."

"பூட்டுனா பூட்டுனதுதானுங்களே?"

"ரிஃப்ளெக்ஷன்னு ஒண்ணு இருக்குதுங்க. பிரதி ஓடிட்டு இருக்கறப்பவே, உங்கிட்ட என்னென்ன அலமாரி இருக்குது, இந்த நிமிசம் அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு கேட்டு வாங்கிறலாம். பூட்டுனதும் சேர்ந்தே வந்துரும். அவங்க மனசு மாறுச்சுன்னா திரையிலயும் உடனே மாறும்."

"பார்த்தது அவளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

பெரியவர் துண்டின் நுனியை முறுக்கினார். "அப்ப அது திருட்டுப் பார்வையாயிராதுங்களா?"

நான் உள்ளே புகுந்தேன். "ஐயா, உண்மையைப் பார்க்கறது எப்படிங்க திருட்டாகும்? மூடி வெச்சாங்களே, அதுதாங்க திருட்டு."

மேடம் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த ரிஃப்ளெக்ஷனும் தேவைப்படவில்லை.

பெரியவர் கேட்டது ஒரே ஒரு விஷயம். துளசியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்த பிறகு சமையல் அவருடையதாயிற்று. தினமும் ஊட்டிவிட்டு, நல்லா இருக்குதா என்று கேட்பார். நல்லா இருக்குதுங்க என்பார் அந்த அம்மா. வருஷக்கணக்கில் ஒருநாள்கூட வேறு பதில் வந்ததில்லை. அதுதான் அவருடைய சந்தேகம்.

அலமாரிகளுக்குப் பெயர் வைப்பது இயந்திரம். அரசாணை எழுதுகிறவரின் ஒன்றுவிட்ட தம்பியைப் போல அதற்கு ஒரு தமிழ் உண்டு. திரையில் வந்தது:

கணவர் சமையல் குறித்த கருத்து: உப்பு அதிகம். சொல்ல வேண்டாம்.

நாச்சிமுத்து அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடி அறைக்குப் போய் மைக்கைத் தட்டினார்.

"துளசி."

"வந்துட்டீங்களா. என்னமோ பார்க்கப் போறேன்னீங்களே, பார்த்தாச்சுங்களா?"

"பார்த்தாச்சு அம்மிணி. எல்லாம் சரியாத்தான் வந்திருக்குது."

"நாந்தான் சொன்னனுங்களே."

அந்த வார 'பப்ளிக்'கில் முதல் பக்கக் கட்டுரை: 'சின்னியம்பாளையத்து அரிச்சந்திரன்'. உண்மையைத் தேடி பஸ் ஏறி வந்து, கையில் வாங்கி, வாங்கிய இடத்திலேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் போன மகான் என்று எழுதியிருந்தேன். நல்ல வரவேற்பு. ஹாஸ்டல் வார்டன்கூட நின்று படித்ததாகக் கேள்வி.

இதில் சங்கடம் என்னவென்றால், அந்த மகான் சனிக்கிழமைதோறும் ஆபீசுக்கு ஒரு தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவருவார். எல்லாரும் சாப்பிட்டுவிட்டு, "அருமைங்க" என்பார்கள். முதல் வாரமே நான் சொல்லிவிட்டேன்.

"உப்பு ஜாஸ்திங்க ஐயா. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை."

"அப்படீங்களா தம்பி." பெரியவர் சிரித்தார். "அவளுக்குப் போட்ட அளவுதானுங்க. கை அதுலயே நின்னுபோச்சு."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் கீழே போய் தேங்காய் பன் தின்றேன். கொள்கை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு விலையும் இருக்கும்.

மூன்றாம் நம்பர் அறை என் அக்காவுடையது.

நித்திலா. பல்லடத்தில் ஒரு நூல்மில்லில் தரம் பார்க்கிற வேலை. நூல் எங்கே அறுகிறது, எத்தனை பலம் தாங்குகிறது என்று பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. எதைக் கையில் எடுத்தாலும் மெதுவாக இழுத்துப் பார்ப்பாள். வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள், தைத்தார்கள், மறுபடி அறுத்தார்கள். கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் பட்டை கட்டினார்கள். கேட்டது அவளேதான். "நான் இல்லீன்னா இவனோட ஜோக்கையெல்லாம் யாரு கேக்கறது? பாவம், ஊர்ல அடி வாங்குவான்" என்றாளாம்.

அப்பாவும் அம்மாவும் அந்த மாடிப்படியில் கால் வைத்ததில்லை. போனவளைப் போகவிட வேண்டும் என்பார் அப்பா. நான் தினமும் போவேன். அடுத்த சுவரேட்டில் வரப்போவதை அவளிடம் முதலில் சொல்லிப் பார்ப்பேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு பாணி உண்டு. சட்டென்று தொடங்கும், நடுவில் மூச்சு நின்றதுபோல் ஒரு சின்ன இடைவெளி, பிறகு "போடா" என்று முடியும். ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்த பாணி. எனக்கு மிகவும் பிடிக்கும். சரியான இடத்தில் நிறுத்திச் சிரிக்கத் தெரிந்த ரசிகை யாருக்குக் கிடைப்பாள்?

இறுதி ஆண்டு புராஜெக்ட்டாக ரிஃப்ளெக்ஷனை எடுத்தேன். 'ஆசிரியர் தன் சொந்த அக்காவின் உள்ளறையைச் சபையில் திறந்து காட்டுவார்' என்று சுவரேட்டில் அறிவிப்பும் போட்டேன். நோக்கம் அறிவியல். கூடவே ஓர் உபநோக்கமும் இருந்தது. என் நகைச்சுவையைப் பற்றி அவள் உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். நல்லதாக இருந்தால் சுவரேட்டில் போடலாம்.

"வேண்டாம் மூர்த்தி," என்றார் செல்வநாயகி மேடம். "வேற யாருதாச்சும் எடுத்துக்க. டெமோ பிரதி ஒண்ணு இருக்குது, அதக் குடுக்கறேன்."

"எங்களுக்குள்ள ஒளிக்க ஒண்ணுமில்ல மேடம்."

"எல்லாரும் இதத்தான் சொல்லிட்டு வருவாங்க."

கொள்கைப்படி அக்காவிடமே சொன்னேன். "அக்கா, நாளைக்கு உன் ஃபீல்டெல்லாம் தொறந்து பார்க்கப் போறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஏண்டா, அழுக்குத் துணியெல்லாம் கெடக்கும்."

"வேண்டாம்னா சொல்லிரு."

"பாரு. ஒண்ணும் இருக்காது. பார்த்துட்டு வந்து சொல்லு."

மறுநாள் மாலை மேடத்தின் மேசையில் உட்கார்ந்து திறந்தேன். வரிசையாக வந்தது.

அம்மா ரசம் குறித்த கருத்து: வெந்நீர்.
அப்பா மீசை குறித்த கருத்து: எடுத்துவிடலாம்.
மில் சூப்பர்வைசர் குறித்த கருத்து: (அதைச் சுவரேட்டில்கூடப் போட முடியாது.)

சிரித்துக்கொண்டே கீழே இறக்கினேன்.

தம்பி நகைச்சுவை குறித்த கருத்து: சுமார். நீளம் அதிகம்.

இதைப் படித்துவிட்டு ஒருவன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படி உட்கார்ந்திருந்தேன். வருஷக்கணக்காகச் சிரித்தவள். சுமார் என்றால் பிறகு எதற்குச் சிரித்தாள்? பதில் இருக்கும் என்று அடுத்த வரிகளுக்குப் போனேன்.

உடல் வலி: பத்துக்கு ஒன்பது.
சிரிக்கும்போது வலி: கூடும்.
தம்பிக்குத் தெரியும்: இல்லை.

"மேடம்."

வந்து குனிந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது பழசுதானே மேடம்? ஆஸ்பத்திரியில எடுத்ததுதானே?"

"எடுத்தது அப்ப. இருக்கறது இப்ப."

"புரியல."

"உடம்புன்னு ஒண்ணு இருந்தா மருந்து குடுப்பாங்க, தூங்கும், வலி ஏறும், எறங்கும். உடம்பு போயிருச்சு. கடைசியா இருந்த எண்ணு அப்படியே நின்னுருச்சு. பொதுவா நல்லா இருக்கறப்பத்தான் பட்டை கட்டுவாங்க, அதனால இந்தத் தொந்தரவு வர்றதில்ல. உங்க அக்கா தையலோட கட்டியிருக்காங்க."

"நான் பேசாத நேரத்துல?"

"ஓடிட்டுத்தானே இருக்குது மூர்த்தி. நிறுத்துனா அதோட முடிஞ்சுது. அதனால யாருதையும் நிறுத்தறதில்ல."

"வெறும் எண்ணுதானே மேடம் அது."

அவர் மேசை மேலிருந்த மைக்கை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நீயே பாரு."

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினேன். "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? ஹாஸ்டல் சாம்பார்ல நேத்து ஒருத்தன் மோதிரத்தைப் போட்டுட்டான். அடி வரைக்கும் தெளிவாத் தெரிஞ்சுது. ஆனா எடுக்க முடியல. நீச்சல் தெரிஞ்சவன் மெஸ்ல எவனும் இல்ல."

சிரிப்பு தொடங்கியது. திரையில் ஒன்பது, பத்தாயிற்று. அந்தச் சின்ன இடைவெளி. எனக்குப் பிடித்த அந்த இடைவெளி. பத்து அப்படியே நின்றது. பிறகு, "போடா." மெதுவாக ஒன்பதுக்கு இறங்கியது.

"பார்க்கறேன்னியே, பார்த்தியாடா?"

"இனிமேத்தான்க்கா," என்றேன்.

மைக்கை அணைத்துவிட்டு மேடத்திடம் கேட்டேன். "பார்க்க முடியுதுன்னா மாத்தவும் முடியுமில்லீங்களா? பூஜ்யம் போட்டுருங்க மேடம். ஒரு எண்ணு. ஒரே ஒரு வரி."

"முடியும். முன்னாடி ஒரு தடவ பண்ணுனேன். ஒரு வாத்தியாரு. பயம் ஜாஸ்தி, ராத்திரியெல்லாம் முனகறாருன்னு அவரு மக வந்து அழுதுச்சு. பயத்தை எடுத்துப் பூஜ்யம் போட்டேன். முனகல் நின்னுருச்சு. அடுத்த நாள் மகளப் பார்த்து, 'யாருங்க நீங்க'ன்னாரு. அந்தப் பொண்ணத் தூக்கி வளத்ததே அந்தப் பயத்துலதானாம். ஒண்ண உருவுனா இன்னொண்ணு கழண்டுருது. உங்க அக்காவுக்கு அந்தக் கடைசி மாசம் முழுக்க அந்த வலிய வெச்சுத்தான் எல்லாமே கட்டியிருக்குது. நீயும் அதுலதான் இருக்கற."

"அப்ப என்ன பண்றது?"

"தெரிஞ்சும் ஓட விடலாம். இல்லீன்னா நிறுத்தலாம். கையெழுத்து நீதான் போடணும், உம்பேர்லதான் இருக்குது." எழுந்துகொண்டே சொன்னார். "நான் சொல்ல மாட்டேன் மூர்த்தி. இதுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அன்று வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, அக்காவுக்கு ஆஸ்பத்திரியில ரொம்ப வலிச்சுதா?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னா."

"என்னத்தை?"

"சாயங்காலம் நீ வர்ற நேரம் பார்த்து நர்சை ஊசி போட வேண்டாம்னுருவா. போட்டா தூங்கிப்போயிருவேன், அவன் சொல்றது கேக்காதும்பா. நீ சொல்லீட்டுப் போனதுக்கப்புறம் போட்டுக்குவா." அம்மா மூக்கை உறிஞ்சினார். "அப்படி என்ன கண்ணு சொல்லுவ நீ? நாங்களும் பக்கத்துலதான் இருந்தோம். எங்களுக்கு ஒண்ணும் வெளங்குனதில்ல."

எங்கள் குடும்பத்தில் என் நகைச்சுவை குறித்த கருத்தில் ஒற்றுமை நிலவியது.

சனிக்கிழமை காலையில் நிறுத்துவதற்குக் கையெழுத்துப் போட்டேன். மேடம் ஒரு டேப்லெட்டில் அக்காவின் அலமாரிகளைத் திறந்து என் கையில் கொடுத்தார். "பேசி முடிச்சுட்டு, கீழ இருக்கற சிவப்புப் பட்டன அமுக்கணும். அவசரமில்ல."

மூன்றாம் அறை. உட்கார்ந்தேன். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டேன். கடைசி மூன்று வரிகள் தெரிகிற மாதிரி.

"அக்கா."

"ஏண்டா, காலையிலயே வந்துட்ட?"

"சும்மாதான்."

"பார்த்துட்டியா?"

உலகத்தின் எல்லாத் துன்பங்களுக்கும் மூல காரணத்தை எழுதியவன் நான்.

"பார்த்துட்டேன்க்கா. எல்லாம் சரியாத்தான் வந்திருக்குது."

"நாந்தான் சொன்னேன்ல. ஒண்ணும் இருக்காதுன்னு." அவள் குரலில் ஒரு நிம்மதி. "அம்மா ரசத்தைப் பத்தி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சொல்லிராத."

"மாட்டேன். அக்கா, செமஸ்டர் எக்ஸாம் வருது. கொஞ்ச நாளைக்கு வர முடியாது."

"படிக்கற பையனாட்டம் பேசற. சரி, எக்ஸாமுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லீட்டுப் போ."

என்னிடம் இருந்தது. வரும் வழியிலேயே ஒன்று தோன்றியிருந்தது, நன்றாகவும் இருந்தது, நீளமும் இல்லை. மடியில் ஒன்பது என்று எரிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லக்கா. தீந்துபோச்சு."



பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட நான் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நூலை மெதுவாக இழுத்துப் பார்க்கிறவள் அவள். அறைக்குள் ஏசியின் சத்தம் மட்டும். திரையைப் பார்த்தேன். ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. அதற்குக் கீழே இருந்ததும் அசையவில்லை. கடைசி வரி மாறியது.

தம்பிக்குத் தெரியும்: ஆம்.

நான் எதைப் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது, மேடம் சொன்னது உண்மைதான். 'தீந்துபோச்சு' என்ற ஒரு சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"சரிடா," என்றாள். எப்போதும் பேசுகிற அதே குரலில். "நல்லா எழுது. அரியர் கிரியர் வெச்சுராத."

"சரிக்கா."

"அன்னிக்குச் சொன்னியே, சாம்பார்ல மோதிரம். அது ரொம்ப நல்லா இருந்துச்சுடா. நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன்."

விரலால் திரையை மேலே தள்ளினேன். 'சுமார். நீளம் அதிகம்.' ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"எனக்கே தெரியும்க்கா, அது நல்ல ஜோக்குன்னு."

"பெருமையப் பாரு." சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டாள். எனக்காக அடக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. "கெளம்பு. வண்டிய முறுக்காத."

"வர்றேன்க்கா."

"வா."

சிவப்பை அமுக்கினேன். அலமாரிகள் ஒவ்வொன்றாக அணையும் என்று நினைத்திருந்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது. நூல் அறுந்தால் சத்தம் வராது என்று அவள் சொல்வாள்.

வெளியே வந்தபோது மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். திரும்பவில்லை. பெஞ்சில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தூக்குப்போசி. சனிக்கிழமை என்பதையே மறந்திருந்தேன்.

"வாங்க தம்பி. அக்காகிட்டப் பேசீட்டு வர்றீங்களாட்டம் இருக்குது. நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க."

என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். தூக்குப்போசியைத் திறந்தார்.

"நீங்க சாப்பிட மாட்டீங்க. கீழ பன்னு சூடா இருக்குது, வாங்கியாரட்டுங்களா?"

"இல்லைங்க ஐயா. இதையே குடுங்க."

ஒரு தட்டில் அள்ளி வைத்தார். அரிசிம்பருப்புச் சோறு, மேலே ஒரு சொட்டு நெய். ஒரு வாய் எடுத்து வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் ஊட்டிவிட்டு ஒரு பதிலுக்காகக் காத்திருந்தவரின் பார்வை.

"உப்பு எப்படிங்க இருக்குது தம்பி?"

விழுங்கினேன்.

"சரியா இருக்குதுங்க," என்றேன். "இன்னும் கொஞ்சம் போடுங்க."